தலைவிதியும் தாயக்கட்டையும்

(குன்னூரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் நகர மக்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று இங்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "தலைவிதி" என்பதாகும். தலைவிதியைப் பற்றி நமது இயக்கத்தார் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ விதமாகப் பேசியாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சனியன் நம்மை விட்டுத் தொலைந்தபாடில்லை. பிள்ளை பரீட்சையில் தவறினால் தலைவிதி. மாடு செத்தால் தலைவிதி. கூலி குறைந்தால் தலைவிதி. மழையில் லயத்துக் கூரை ஒழுகினாலும் தலைவிதி! ஆகவே இன்று அதை வேறு ஒரு வழியாக, அதாவது பகடை ஆட்டத்தின் வழியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

சுயமரியாதைக்காரனுக்குச் சூதாட்டத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பணம் வைத்து ஆடும் சூதை ஆதரிக்க நான் இங்கு வரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன். ஆனால் விதி, அதிர்ஷ்டம், ராசி, கிரகம் என்று சொல்லப்படுகிற இவ்வளவு புரட்டையும் உரைத்துப் பார்ப்பதற்குப் பகடைப் பலகையைப்போல் நல்ல உரைகல் வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஏனெனில், மனிதன் கையில் இல்லாதது எது, மனிதன் கையில் இருப்பது எது என்பது அங்கே இரண்டாகப் பிரிந்து கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றது. கட்டை விழுவது நம் கையில் இல்லை. காயை நகர்த்துவது நம் கையில் இருக்கின்றது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே தலைவிதிக்காரனுடைய முழுத் தொழிலாகும்.

தாயம் விழாததற்குச் சனி காரணமா?

முதலில் நம் வீட்டுத் திண்ணை ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றப் பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் பலகையில் இறங்கும். ஊருக்கு ஊர் முறை சிறிது மாறினாலும் பொதுவாக ஆட்டம் இதுதான்.

தாயம் விழாமல் ஒருவன் பத்துத் தரம் எறிந்துவிட்டால் என்ன சொல்லுகிறான்? "இன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை" என்கிறான். பக்கத்திலிருக்கும் பாட்டி, "கிழக்கே பார்த்து உட்கார்" என்கிறாள். ஒருவன் கட்டையை முத்தமிடுகிறான். ஒருவன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளுகிறான். நான் கேட்கின்றேன்: இவர்களில் ஒருவராவது விரல்விட்டு எண்ணிப் பார்த்ததுண்டா?

இப்பொழுது எண்ணிப் பார்ப்போம். ஒரு கட்டையில் 4 பக்கம், மற்றதில் 4 பக்கம். ஆகவே மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். அது 2 விதமாகத்தான் நடக்கும். ஆகவே 16க்கு 2, அதாவது 8 எறிதலுக்கு ஒரு தாயம். மூன்று என்பது 16க்கு 4 விதமாக விழும். ஆறு என்பது 16க்கு ஒரே ஒரு விதம்தான். இவ்வளவுதான் கணக்கு.

8 எறிதலுக்கு ஒரு தாயம் என்றால் எட்டாவது எறிதலில் கட்டாயம் விழும் என்று அர்த்தமல்ல. கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. முன்னே எத்தனை தரம் எறிந்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஆதலால் 8 தரம் எறிந்தும் தாயம் விழாமற்போவது 100க்கு 34 தடவை நடக்கும். 16 தரம் எறிந்தும் விழாமற்போவது 100க்கு 12 தடவை நடக்கும். மூன்று பேர் உட்கார்ந்து ஆளுக்கு எட்டுத் தரம் எறிந்தால், அவர்களில் ஒருவன் தாயமில்லாமல் விழித்துக்கொண்டிருப்பது சாதாரணமான காரியம். அந்த ஒருவன் நாமாக இருந்துவிட்டால் உடனே சனி பகவானைக் கூப்பிடுகிறோம்! பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தால் சிரிக்கிறோம்.

வைகுண்ட ஏகாதசியன்று கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுகிறார்கள். அந்தப் படத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். ஏணி என்பது புண்ணியமாம், பாம்பு என்பது பாவமாம். ஏணியில் ஏறினவன் என்ன புண்ணியம் செய்து ஏறினான்? கட்டை விழுந்தது, ஏறினான். பாம்பு கடித்தவன் யார் குடியைக் கெடுத்தான்? கட்டை விழுந்தது, இறங்கினான். அந்த ஆட்டத்தில் யோசிக்க இடமே இல்லை. நகர்த்துகிறவனுடைய அறிவுக்கு ஒரு தம்பிடி விலையும் இல்லை. இப்படிப்பட்ட ஒன்றைக் காட்டி, "இதுதான் மனித வாழ்க்கை" என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் மட்டும் கட்டையை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஏணியின் உச்சியிலேயே பாய் விரித்துக்கொண்டார்கள்.

கலி ஓடின கதை

நமது புராணங்களிலும் சூதாட்டத்துக்குக் குறைவில்லை. தருமராஜன் நாட்டையும் தம்பிகளையும் பெண்டாட்டியையும் வைத்துத் தோற்றான். அவனுக்குத் தருமன் என்று பெயர்! நளன் என்னும் அரசனும் தோற்றான். ஏன் தோற்றான் என்று கேட்டால், அவன் கால் கழுவாமல் அனுஷ்டானம் செய்தானாம், அந்தக் குற்றத்துக்காகக் கலி அவனுக்குள் புகுந்துகொண்டானாம், அதனால் தோற்றானாம். பகடை விழுவதற்கும் கால் கழுவுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் நாஸ்திகன்.

ஆனால் தோழர்களே, அதே கதையின் பிற்பகுதியைப் பாருங்கள். இருதுபன்னன் என்னும் அரசன் ஒரு மரத்தைப் பார்த்தமாத்திரத்தில் அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று கணக்குச் சொல்லுகிறான். நளன் எண்ணிப் பார்க்கிறான்; கணக்குச் சரியாக இருக்கின்றது. அந்தக் கணக்கு வித்தையையும் பகடை வித்தையையும் நளன் அவனிடம் கற்றுக்கொள்ளுகிறான். கற்றுக்கொண்டவுடன் கலி அவன் உடம்பை விட்டு வெளியேறுகிறான். பிறகு நளன் ஆடுகிறான், ஜெயிக்கிறான்.

இதன் அர்த்தம் என்ன? யாகம் செய்து கலி ஓடவில்லை. பிராமண போஜனம் செய்து கலி ஓடவில்லை. கணக்கு வந்தது, கலி ஓடினான். கதை எழுதினவனுக்கே கடைசியில் இதைத்தவிர வேறு வழி அகப்படவில்லை. ஆனால் நம் பாகவதர்கள் இந்தப் பாகத்துக்கு வந்தவுடன் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டுச் சுயம்வரத்துக்குப் போய்விடுவார்கள்.

துரைமார் பலகை

நிற்க, மேல்நாட்டிலும் ஒரு பகடை ஆட்டம் உண்டு. பேக்காமன் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரர்களின் கிளப்புகளில் ஆடப்பட்ட ஆட்டம் அது. ஸ்நூக்கர் என்னும் ஆட்டத்தின் விதிகள் 1882இல் நமது ஊட்டி கிளப்பில்தான் எழுதி ஒட்டப்பட்டன என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அந்தக் காலத்து மலைக் கிளப்புகளில் மேசை துடைக்கவும் தட்டு ஏந்தவும் தவிர நம்மவர்களுக்கு வேறு வேலை இருந்ததில்லை. ஆயினும் அறிவு எந்தக் கிளப்பில் இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளுவதற்கு நமக்கு உரிமை உண்டு.

பேக்காமன் பலகையில் 24 வீடு. ஆளுக்கு 15 காய். ஆறு பக்கமுள்ள பகடை இரண்டு. அவை 36 விதமாக விழலாம். ஒரு வீட்டில் இரண்டு காய் சேர்ந்திருந்தால் எதிரி அதைத் தொடமுடியாது. தனிக்காயாக இருந்தால் வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து ஓடிவர வேண்டும். இதில் பகடையும் உண்டு, யோசனையும் உண்டு. பரமபதத்தைப்போல வெறும் கட்டையல்ல.

இந்த ஆட்டத்துக்குப் பெரிய நிபுணர்கள் இருந்தார்கள். புத்தகங்கள் எழுதினார்கள். அவற்றில் 1976இல் பால் மக்ரீல் என்னும் கணித ஆசிரியர் எழுதியது மிகப் பெயர் பெற்றது. அந்தக் காலத்து நிபுணர்கள் சொன்ன புத்திமதிகளில் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லுகிறேன். ஆட்டத்தின் துவக்கத்தில் 2-1, 4-1, 5-1 என்று விழுந்தால், அந்த ஒன்றைக்கொண்டு உன் ஆறாம் வீட்டிலிருக்கும் ஒரு காயை ஐந்தாம் வீட்டில் தனியாக இறக்கு என்பது அவர்களுடைய உபதேசம். ஐந்தாம் வீடு மிக முக்கியமான இடம். அடுத்த தரம் இன்னொரு காயைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்துவிட்டால் அது கோட்டையாகிவிடும். ஆனால் எதிரி அதற்குள் வெட்டிவிட்டால்? 36க்கு 15 விதத்தில் அவனால் வெட்டமுடியும். வெட்டினால் 20 வீடு நடந்த உழைப்பு வீண். ஆனாலும் துணிந்து இறக்கு என்றார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் பல்லாண்டு அப்படியே ஆடினார்கள். வேறு விதமாக ஆடினவனைக் கற்றுக்குட்டி என்று நினைத்தார்கள்.

குரு இல்லாத மாணாக்கன்

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ஜெரால்டு டெசாரோ என்பவர் முதலில் ஒரு யந்திர ஆட்டக்காரனைச் செய்தார். அதற்கு நிபுணர்களின் ஆட்டத்தையே பாடமாகக் கொடுத்துக் கற்பித்தார். அது 1989இல் லண்டனில் நடந்த கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் முதல் பரிசு பெற்றது. அதாவது குருமுகமாகக் கற்ற மாணாக்கன்.

அதன்பின் 1992இல் டி.டி.காமன் என்னும் இன்னொன்றைச் செய்தார். இதற்கு நிபுணன் பாடம் எதையும் கொடுக்கவில்லை. ஆட்டத்தின் விதியை மட்டும் கொடுத்துத் தன்னோடு தானே ஆடவிட்டார். முதலில் அது கண்ணைக் கட்டிவிட்டதுபோல் கண்டபடி நகர்த்திற்று. தோற்றால் தன் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டது, ஜெயித்தாலும் திருத்திக்கொண்டது. இப்படியே ஆடி ஆடி, குருமுகமாகக் கற்ற முந்திய மாணாக்கனுக்குச் சமமாக வந்துவிட்டது. பிறகு பலகையில் எந்தெந்த அம்சங்களைக் கவனிக்கவேண்டும் என்று மனிதர்கள் கண்டுவைத்திருந்த குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்வந்த ஒரு பதிப்பு 15 லட்சம் ஆட்டம் தன்னோடு தானே ஆடிப் பழகி, உலக சாம்பியனாக இருந்த பில் ராபர்ட்டியோடு 40 ஆட்டம் ஆடி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றது.

இந்த யந்திரம் அந்த ஐந்தாம் வீட்டு உபதேசத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஒன்றைக்கொண்டு, எதிரியின் எல்லைக்குள் பின்தங்கி நிற்கும் காய்களில் ஒன்றை ஒரு வீடு முன்னே தள்ளுவதே மேல் என்று காட்டிற்று. இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். நிபுணர்கள் என்ன செய்தார்கள்? "எங்கள் முன்னோர் முட்டாள்களா?" என்று கேட்டார்களா? "யந்திரம் சொல்லுவதைக் கேட்டால் நரகம்" என்றார்களா? இல்லை. சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நிலையிலிருந்து பழைய முறைப்படி ஆயிரக்கணக்கான தரமும், புது முறைப்படி ஆயிரக்கணக்கான தரமும் ஆடவிட்டு எண்ணினார்கள். 36ஐ 36ஆல் பெருக்கினால் 1,296. குறைந்தது அத்தனை தரமாவது ஆடிப் பார்ப்பது வழக்கமாயிற்று. எண்ணியபோது 4-1, 5-1 விழுந்தால் புது முறையே மேல் என்று தெரிந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் மாற்றிக்கொண்டார்கள். 2-1 விழுந்தாலோ பழைய முறைக்கும் புது முறைக்கும் அநேகமாக வித்தியாசமில்லை என்று தெரிந்தது. அங்கே இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

பழையதெல்லாம் பொய்யா?

"அப்படியானால் பழைய புத்தகம் எல்லாவற்றையும் கொளுத்திவிடலாமா?" என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. துவக்கத்தில் 3-1 விழுந்தால் இரண்டு காயைச் சேர்த்து ஐந்தாம் வீட்டைக் கட்டு என்று பழைய நிபுணர்கள் சொன்னார்கள். யந்திரமும் அதையே சொல்லுகிறது. 6-4 விழுந்தால் இரண்டாம் வீட்டைக் கட்டுவது கற்றுக்குட்டி வேலை என்று கேலி செய்தார்கள். எண்ணிப் பார்த்ததில், அது நிபுணர்கள் ஆடிவந்த மற்ற முறைகளுக்கு ஏறக்குறையச் சமம் என்று தெரிந்தது. கேலி செய்யப்பட்டவன் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது!

ஆகவே பழையது என்பதற்காக ஒன்று பொய்யுமல்ல, மெய்யுமல்ல. புதியது என்பதும் அப்படித்தான். சோதனைக்கு நிற்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. மக்ரீலின் புத்தகத்தை இன்றும் மரியாதையுடன் படிக்கிறார்கள். ஏன்? அவர் "இது வேதவாக்கு" என்று சொல்லவில்லை. இன்ன காரணத்தால் இப்படி ஆடு என்று காரணம் சொன்னார். காரணம் சொன்னவனைச் சோதிக்கலாம், திருத்தலாம். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிவைத்தவனை என்ன செய்யமுடியும்?

இன்னொரு சங்கதி. 1979இல் ஹான்ஸ் பெர்லினர் என்னும் பேராசிரியர் செய்த யந்திரம், மாண்டி கார்லோ நகரில் அப்போதைய உலக சாம்பியன் லூயிஜி வில்லாவை 7க்கு 1 என்று ஜெயித்தது. உலகமே கைகொட்டிற்று. அவர் என்ன செய்தார்? ஆட்டத்தை முழுவதும் திரும்ப ஆராய்ந்துவிட்டு, "பகடை என் யந்திரத்துக்குச் சாதகமாக விழுந்தது, நகர்த்துவதில் சாம்பியனே மேல்" என்று தாமே வெளியிட்டார். தன் வெற்றியில் எவ்வளவு அதிர்ஷ்டம் என்று தானே கணக்குக் காட்டினவன் யோக்கியன். நம் ஊரில் பரிகாரம் செய்து காய்ச்சல் நின்றதென்று சொல்லுகிறவர்களில், பரிகாரம் செய்தும் செத்தவர்களின் கணக்கை வெளியிட்டவன் ஒருவனாவது உண்டா?

நம் பிள்ளைகளின் காரியத்தையும் பாருங்கள். சதுரங்கத்தில் நம் தமிழ்நாட்டு ஆனந்த் உலக சாம்பியனானார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில், குகேஷ் ஆனார். இந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரை வைத்துத்தான் பழைய ஆட்டங்களைச் சோதிக்கிறார்கள். ஆனால் குகேஷுக்குத் துவக்க வருஷங்களில் அவருடைய பயிற்சியாளர் கம்ப்யூட்டரைக் காட்டாமலே சொந்தமாக யோசிக்கப் பழக்கினார். முதலில் சொந்த புத்தி, பிறகு சோதனை. யந்திரத்தையும் சாமியாக்கிக் கும்பிடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கம்ப்யூட்டர் ஜாதகம்

ஆனால் நம் நாட்டில் என்ன நடக்கிறது? கம்ப்யூட்டர் வந்தவுடன் அதற்குப் பூணூல் மாட்டிவிட்டார்கள்! எந்தக் கடைவீதிக்குப் போனாலும் "கம்ப்யூட்டர் ஜாதகம்" என்று பலகை தொங்குகிறது. கையால் எழுதினால் பொய், யந்திரம் அச்சடித்தால் மெய்யாகிவிடுமா? அதே பன்னிரண்டு கட்டம், அதே செவ்வாய் தோஷம். முன்பு ஒரு மணி நேரத்தில் ஒரு பெண்ணின் கலியாணத்தைக் கெடுத்தார்கள். இப்பொழுது ஒரு நிமிஷத்தில் கெடுக்கிறார்கள். இதுதான் அபிவிருத்தி!

இரண்டு யந்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பகடை யந்திரம் 15 லட்சம் ஆட்டம் ஆடி, ஒவ்வொரு தோல்வியிலும் தன்னைத் திருத்திக்கொண்டது. ஜாதக யந்திரம் ஒரு தரமாவது, "நான் சொன்னது பலிக்கவில்லை, ஆகையால் என் கணக்கை மாற்றிக்கொள்ளுகிறேன்" என்று சொன்னதுண்டா? தோற்கவே முடியாதபடி பேசுகிறவனிடம் அறிவு இருக்கமுடியாது. உங்களிடம் யார் எந்த யந்திரத்தைக் கொண்டுவந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எத்தனை தரம் தவறிற்று? அந்தக் கணக்கு எங்கே?"

தேயிலை பறிக்கும் தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். கங்காணி வாயால் சொன்னதே எடை என்று நம்பமுடியாது என்றுதானே தராசு வந்தது? தராசு வந்தபின்பும், முள்ளை யார் பார்க்கிறார்கள், கழிவு என்று எவ்வளவு தள்ளுகிறார்கள் என்று நீங்கள் பார்க்கவேண்டியிருக்கிறதல்லவா? யந்திரம் வந்துவிட்டதென்று கண்ணை மூடிக்கொள்ளுகிறவன் பழைய பக்தனின் தம்பி.

மூன்று கணக்கு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இப்பொழுதுள்ள பேக்காமன் யந்திரங்கள் ஆட்டம் முடிந்ததும் ஒரு கணக்குக் கொடுக்கின்றன. பகடை உனக்குக் கொடுத்தது எவ்வளவு, உன்னிடமிருந்து பறித்தது எவ்வளவு என்று ஒரு பக்கம். தவறாக நகர்த்தி நீயே இழந்தது எவ்வளவு என்று இன்னொரு பக்கம். "எனக்குப் பகடையே விழுவதில்லை" என்று காலமெல்லாம் அழுதவர்கள் பலர், பகடை குற்றமில்லை, குற்றம் நகர்த்தினதில் என்று அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தலைவிதி என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துப் பிரித்துக் காட்டிவிட்டது.

ஆனால் தோழர்களே, வாழ்க்கையில் இந்த இரண்டு கணக்கோடு விட்டுவிட்டால் மோசம் போவோம். "நீ ஏழையாக இருப்பது உன் தவறான ஆட்டம்" என்று பணக்காரன் சொல்லிவிடுவான். மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அதுதான் எதிரே உட்கார்ந்திருப்பவன் நகர்த்தினது. அவன் நகர்த்தினதையும் பகடை என்று நம்மை நம்பவைப்பதுதான் பெரிய பித்தலாட்டம்.

இந்த மலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இலங்கையிலிருந்து வந்தவை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் இருக்கிறீர்கள். "அங்கே பிறந்து இங்கே வந்து சாகவேண்டுமென்று தலையில் எழுதியிருந்தது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலையிலா எழுதியிருந்தது? 1948இல் இலங்கையில் ஒரு பிரஜா உரிமைச் சட்டம் செய்தார்கள். தேயிலையை விளைவித்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மீதிப் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த ஜனங்களில் ஒருவரையாவது கூப்பிட்டு, "உனக்கு எங்கே இருக்க இஷ்டம்?" என்று கேட்டுவிட்டா ஒப்பந்தம் எழுதினார்கள்? ஐந்தேகால் லட்சம் பேருக்கும் ஒரே நட்சத்திரமா? ஒரே கைரேகையா? பிரம்மா எழுதவில்லை, தோழர்களே! மந்திரிமார் எழுதினார்கள். தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன.

மனிதன் எழுதினதை மனிதனால் மாற்றி எழுதமுடியும். தோட்டத்தில் வீடும் வைத்தியமும் பிள்ளைக் காப்பகமும் முதலாளி கொடுத்தே தீரவேண்டும் என்று 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அது குறி கேட்டு வந்ததல்ல. தொழிலாளர் கூடிப் போராடி வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக இந்த மலையில் அரசாங்கம் 1968இல் தேயிலை பயிரிடத் துவங்கியதும் கோயில் நேர்த்திக்கடனால் அல்ல. அவையும் மனிதர் காய் நகர்த்தினவையே.

ஆகவே கஷ்டம் வரும்போதெல்லாம் மூன்று கணக்குப் போடுங்கள். மழை, நோய், மலைச்சரிவு ஆகியவற்றில் பகடையின் பங்கு எவ்வளவு? குடி, கடன், அசட்டை ஆகியவற்றில் நம் பங்கு எவ்வளவு? கூலி, சட்டம், பள்ளிக்கூடம், ஜாதி ஆகியவற்றில் எதிரி நகர்த்தினது எவ்வளவு? முதலாவதைத் தாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யவேண்டும். இரண்டாவதைத் திருத்திக்கொள்ளவேண்டும். மூன்றாவதை எதிர்த்து ஆடவேண்டும்.

பயந்து கொடுத்தால் என்ன நஷ்டம்?

எதிர்த்து ஆடுவதற்கும் அந்த ஆட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பேக்காமனில் ஒருவன் நடுவில், "பந்தயத்தை இரட்டிக்கிறேன்" என்று மிரட்டலாம். நீ பயந்து விட்டுக்கொடுத்தால் ஒரு புள்ளி நஷ்டம். ஒத்துக்கொண்டு ஆடினால் இரண்டு புள்ளி லாபம் அல்லது நஷ்டம். எப்போது ஒத்துக்கொள்ளலாம்? நான்கு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் பயந்து விட்டுக்கொடுத்தால் 4 நஷ்டம். நான்கிலும் எதிர்த்து ஆடி மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால், 6 நஷ்டம், 2 லாபம். அதாவது அப்பொழுதும் 4தான் நஷ்டம். ஆகவே நான்கில் ஒன்றுக்குமேல் ஜெயிக்க வழி இருந்தால், எதிர்த்து ஆடுகிறவனுக்கே லாபம். நிச்சயமாக ஜெயிப்போம் என்று தெரிந்தால்தான் வாய் திறப்பேன் என்கிறவன், எண்ணத் தெரியாமல் தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

இதைக் கேட்டுவிட்டுப் பணம் வைத்து ஆடப் போய்விடாதீர்கள்! தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை ஒழித்தார்கள். ஆனாலும் கூடலூர் எல்லைக்கு அந்தண்டை போய்ச் சீட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதை எதிர்த்து 2022இல் நம் சட்டசபையும், 2025இல் நாடாளுமன்றமும் சட்டம் செய்தன. எத்தனை குடும்பம் அழிந்தபின் அந்தச் சட்டங்கள் வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் யந்திரம் உண்டு, கணக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு சூதுக் கம்பெனியின் லாபத்துக்காகப் போடப்பட்ட கணக்கு. நீங்கள் சம்பளத்தை வைக்கிறீர்கள். அவன் கணக்கை வைக்கிறான். யார் ஜெயிப்பான் என்பதற்கு ஜோசியம் வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். நாளைக்கு வீட்டில் தாயக்கட்டையை எடுத்து 160 தரம் எறிந்து, பிள்ளைகளைவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 20க்கு முன்பின்னாகத் தாயம் விழும். மறுநாளும், அதற்கு மறுநாளும் எறிந்து பாருங்கள். எப்பொழுதும் 5க்குமேல் விழவில்லையென்றால், கட்டை தேய்ந்திருக்கிறதா, கோணலாயிருக்கிறதா என்று பாருங்கள், கிரகத்தைப் பார்க்கவேண்டாம். அதே நோட்டுப் புத்தகத்தின் மறுபக்கத்தில், ஜோசியன் உங்களுக்குச் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைத்து, ஒரு வருஷம் கழித்து எத்தனை பலித்தது என்று எண்ணுங்கள். ஒரு பென்சிலும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அதற்குமேல் உங்களுக்கு என் பிரசங்கமும் வேண்டியதில்லை, எவனுடைய உபதேசமும் வேண்டியதில்லை.